கணினி ஓவியத்தில் தாளும் தூரிகையும்

சித்திரம் எழுதுவோர் தாளைத் தெரிந்தெடுக்கும்போது அதை விரலால் தடவிப் பார்ப்பது வழக்கம். கரித்துண்டு கொண்டு வரைவதற்குச் சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும். மைப்பேனாவுக்கு வழவழப்பான தாள் உகந்தது. நீர்வண்ணத்திற்கோ, நீரை உடனே உறிஞ்சிவிடாமலும் அதே சமயத்தில் வண்ணத்தை நழுவவிடாமலும் இருக்கும் தாள் தேவை. ஒரே கை, ஒரே கரித்துண்டு, ஒரே அழுத்தம். தாள் மாறினால் கோடு மாறிவிடுகிறது.

கணினித் திரையோ கண்ணாடி. அதில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. ஆயினும் இன்று பள்ளிப் பிள்ளைகள் கணினியில் சித்திரம் எழுதுகின்றனர். பாடப் படங்களும் சுவரொட்டிகளும் பெரும்பாலும் கணினியிலேயே உருவாகின்றன. கண்ணாடிக்குத் தாளின் தன்மையை அளிப்பது எவ்வாறு, நம் ஊர்த் தாளையும் நம் ஊர்ச் சுவரையும் அதில் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் பயனுடையது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, கட்டணமின்றிக் கிடைக்கும் கிருதா அல்லது கிம்ப் போன்ற ஒரு மென்பொருள் ஆகியவை போதும்.

சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது?

புனே நகரம் இன்று கணினித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1988-இல் அங்கே தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணினியை உருவாக்கியது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, 1940-இல், அந்நகரின் சிவாஜிநகர்ப் பகுதியில் கைக்காகித நிலையம் ஒன்று தோன்றியது. அதை நிறுவியவர் கே. பி. ஜோஷி. காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் முயற்சிகளின் வழியில் பிறந்த நிலையம் அது. அம்முயற்சிகளை முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-இல் அமைக்கப்பட்டு வார்தாவிலிருந்து இயங்கியது. அதன் செயலாளராகப் பணியாற்றிய ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கைக்காகிதம் செய்யும் முறையை ஒரு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் தாளின் மேடுபள்ளங்களுக்குக் காரணம் விளங்கும். தையற்கடைகளில் கழிந்த பருத்தித் துணித்துண்டுகளை நறுக்கி, நீரிலிட்டு அரைத்துக் கூழாக்குகின்றனர். கூழ் கலந்த நீர்த்தொட்டியில் சல்லடை பொருத்திய சட்டத்தை மூழ்கச் செய்து தூக்கினால் நீர் வடிந்து, நார்கள் சல்லடையின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகின்றன. அப்படலத்தை ஈரத்துணியின் மீது கவிழ்த்து, மேலே மற்றொரு துணியிட்டு, இவ்வாறு அடுக்கி அழுத்திப் பிழிகின்றனர். ஆகவே தாளின் ஒரு முகத்தில் சல்லடையின் தடமும், மறு முகத்தில் துணி நெசவின் தடமும் பதிகின்றன. கை சட்டத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைப்பதால் நார்கள் எல்லாத் திசைகளிலும் படிகின்றன. ஆலைத்தாளில் அவை பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். உலர்ந்தபின் பசையேற்றி, உருளைகளுக்கிடையே செலுத்தினால் மேடுகள் தட்டையாகும். எத்தனை முறை செலுத்துவது என்பது செய்வோர் கையில் உள்ளது.

இந்த நிலையத்திற்கு நெடுங்காலம் முன்பே புனே மாவட்டத்து ஜுன்னரில் காகிதம் செய்யும் தொழில் நடந்து வந்தது. நம் நாட்டுப் பழைய காகிதங்களை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது வழக்கம்; நாணற்பேனா தடையின்றி ஓட வேண்டுமல்லவா? புனேயின் பேஷ்வா தப்தரத்தில் குவிந்துள்ள மோடி எழுத்து ஆவணங்களும், நம் தஞ்சை சரஸ்வதி மகாலிலுள்ள மராட்டிய மோடி ஆவணங்களும் விரைந்தோடும் பேனாவால் எழுதப்பட்டவை. எழுதுவோருக்குச் சொரசொரப்பு ஒரு குறை. சித்திரக்காரருக்கு அதுவே செல்வம்.

எண்களாகும் மேடுபள்ளம்

திரையிலுள்ள படம் புள்ளிகளால் ஆனது. ஏ-4 அளவுத் தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் பதிவு செய்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508, ஆக ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். கறுப்புவெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. இந்த எண்ணை நாம் ஒளி என்று கொள்ளாமல் உயரம் என்று கொள்வோமாயின் அப்படமே தாளின் நிலவரைபடம் ஆகிவிடும். வெண்புள்ளி குன்று, கரும்புள்ளி பள்ளத்தாக்கு.

இங்கே பலரும் ஒரு தவறான வழியில் செல்கின்றனர். சித்திரத்தை முழுவதும் முடித்துவிட்டு, தாளின் படம் ஒன்றை அதன் மேல் கண்ணாடித்தாள் போலப் போர்த்திவிடுகின்றனர். பார்வைக்குத் தாள் போலத் தோன்றும். ஆனால் மெல்லிய கோட்டிலும் அழுத்தமான கோட்டிலும், வண்ணம் தீட்டிய இடத்திலும் தீட்டாத இடத்திலும் ஒரே அளவு சொரசொரப்பு படர்ந்திருக்கும். உண்மைத் தாள் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. கோடு விழும் கணத்திலேயே தாளும் அதில் பங்குகொள்ள வேண்டும்.

அதற்குரிய விதி எளிது. எழுதுகோலின் அழுத்தத்தையும் 0 முதல் 255 வரை எண்ணாக்குக. ஒரு புள்ளியின் உயரமும் அழுத்தமும் சேர்ந்து 255-ஐத் தாண்டினால் அங்கே வண்ணம் ஒட்டும், தாண்டாவிடில் ஒட்டாது. அழுத்தம் 60 எனின் 195-க்கு மேற்பட்ட உயரமுள்ள முகடுகளே கரியைப் பற்றும். கோடு பொரிப்பொரியாக விழும். அழுத்தம் 200 எனின் 55-க்கு மேற்பட்ட யாவும் நிரம்பும். ஆழமான குழிகள் மட்டுமே வெள்ளையாக எஞ்சும். கரும்பலகையில் சாக்குக்கட்டியை லேசாக இழுத்தும் அழுத்தி இழுத்தும் காட்டினால் மாணவர்கள் இவ்விதியை ஒரு நிமிடத்தில் உணர்ந்துகொள்வர். மென்பொருள்கள் இவ்விதியைச் சற்று மென்மையாக்கி, படிப்படியாக ஒட்டும்படி செய்கின்றன; அடிப்படை இதுவே.

நீர்வண்ணத்தில் விதி தலைகீழாகும். நீரில் மிதக்கும் வண்ணத்துகள்கள் பள்ளங்களில் சென்று படிகின்றன. ஆகவே குழிகள் கருக்கும், முகடுகள் வெளிறும். 1997-இல் காசிடி கர்ட்டிஸும் அவருடன் பணியாற்றியோரும் தாளை உயரப்பரப்பாகவே கொண்டு, அதன் மீது நீர் ஓடுவதையும் துகள் படிவதையும் கணக்கிட்டு நீர்வண்ணச் சித்திரங்களை உருவாக்கிக் காட்டினர். அதற்கு முன்னரே, 1991-இல் மார்க் ஸிம்மரும் டாம் ஹெட்ஜஸும் வெளியிட்ட பெயின்டர் என்னும் மென்பொருள், தாளின் மணிக்கேற்பக் கோடு மாறும் முறையைச் சித்திரக்காரர் கைக்குக் கொண்டு வந்தது. அது வண்ணப்பூச்சு அடைத்து விற்கும் தகர டப்பாவில் வைத்து விற்கப்பட்டது! இன்று கிருதாவில் தூரிகையின் அமைப்புக்குள்ளேயே தாளின் படத்தைச் சேர்க்க இடமுண்டு. சித்திரத்தின் மேல் போர்த்துவதை விட்டு அங்கே சேர்ப்பதே முறை.

தாளைப் பதிவு செய்தல்

ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து ஒளி வீசுவது. எனவே ஒவ்வொரு மேட்டின் ஒரு சரிவு வெளிச்சமாகவும் மறு சரிவு நிழலாகவும் பதிகிறது. நமக்கு வேண்டியது உயரம், கிடைப்பது சரிவு. இதை அறியாமல் அப்படியே பயன்படுத்தினால், வண்ணம் மேட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டும். இதற்கு ஒரு வழி: தாளை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் வட்டம் திருப்பி வைத்துப் பதிவு செய்து, நான்கு படங்களையும் மீண்டும் நேராக்கி ஒன்றன்மேலொன்று பொருத்திச் சராசரி எடுப்பது. திசை சார்ந்த நிழல்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, குழிகளின் கருமை ஓரளவு எஞ்சும். தாளில் பழுப்பு நாரோ கறையோ இருந்தால் அதுவும் குழியாகப் பதிவாகும் என்பதை மறக்கலாகாது. வெண்மையான, சுத்தமான தாளே ஏற்றது.

சுவர், பலகை, கித்தான் போன்ற கரடான பரப்புகளுக்கு இதனினும் சிறந்த முறை ஒன்றுண்டு. கல்வெட்டாய்வாளர்கள் மைப்படி எடுப்பதைப் பலர் கண்டிருப்பர். ஈரத்தாளைக் கல்லின்மீது பொருத்தித் தட்டி, மை ஒற்றினால் மேடான கல்பரப்பு கறுத்தும், குழிந்த எழுத்து வெளுத்தும் விழும். அங்கே ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. உயரம் நேரடியாகவே மையாகப் பதிகிறது. நாமும் பரப்பின்மீது மெல்லிய தாளை விரித்து, மெழுகு வண்ணக்கட்டியைப் படுக்கையாக வைத்துச் சீராகத் தேய்க்கலாம். காசை அடியில் வைத்துத் தேய்த்து அச்செடுக்கும் பிள்ளை விளையாட்டுத்தான் இது. கிடைத்த அச்சைப் பதிவு செய்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிவிட்டால் உயரப்படம் ஆயத்தம். ஓவியம் தீட்டிய சுவரிலோ தொல்பொருள் சின்னங்களிலோ இவ்வாறு செய்தல் கூடாது; வெற்றுச்சுவரின் ஒரு மூலை போதுமானது.

பதிவான படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் ஒரு பக்கம் இருளாகவும் இருப்பதுண்டு. படத்தின் நகலொன்றை எடுத்து, மேடுபள்ளங்கள் கரைந்து பெரும் ஒளிவேறுபாடு மட்டும் எஞ்சும்வரை மங்கலாக்கி, மூலப்படத்திலிருந்து அதைக் கழித்து 128-ஐக் கூட்டினால் சமநிலை வந்துவிடும்.

அடுத்தது ஒட்டு. சிறிய படமொன்றைத் தளக்கற்கள் போல மீண்டும் மீண்டும் பரப்பியே மென்பொருள் பெரிய தாளை உண்டாக்குகிறது. ஓரங்கள் பொருந்தாவிடில் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால் ஓரங்கள் நடுவே சிலுவையாக வந்து நிற்கும்; அவ்விடத்தை அக்கம்பக்கத்துப் பகுதிகளைக் கொண்டு ஒப்பனை செய்துவிடலாம். ஒட்டு மறைந்தாலும் மற்றோர் அபாயம் உண்டு. தனித்துத் தெரியும் ஒரே ஒரு தடித்த நார் படத்தில் இருந்தாலும், பரப்பிய தாளெங்கும் அதே நார் அணிவகுத்து நிற்கும். கைக்காகிதத்தின் அழகே அத்தகைய நார்களில்தான் உள்ளது என்பது உண்மையே; இருப்பினும் இங்கே அவற்றை நீக்கத்தான் வேண்டும்.

கித்தானுக்குக் கணக்கு வேறு. அது பாவும் ஊடும் ஒழுங்காக அமைந்த நெசவு. சென்டிமீட்டருக்கு 12 இழை உள்ள துணியை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் பதிவு செய்தால் ஓர் இழைக்கு ஏறக்குறைய 9.8 புள்ளி வரும். இழைக் கணக்கைப் பாராமல் ஏதோ ஓர் அளவில் வெட்டினால் ஓரத்தில் இழை அறுபடக்கூடும். சரியாக 10 சென்டிமீட்டர், அதாவது 1181 புள்ளி வெட்டினால் 120 இழைகள் முழுமையாக அடங்கும். துணியை ஸ்கேனரில் இம்மியும் சாயாமல் வைக்க வேண்டுவதும் இதனாலேயே.

அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சாதாரணத் திரைகளில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 100 புள்ளிகளே உள்ளன. 300 புள்ளியில் பதிந்த தாள் அங்கே மும்மடங்கு பெரிதாகத் தோன்றும். அதைக் கண்டு அஞ்சிப் படத்தைச் சுருக்குவோர், அச்சிட்டபின் சொரசொரப்பு எங்கே போயிற்று என்று தேடுவர்.

தூரிகையும் மூங்கிற்குச்சியும்

கணினித் தூரிகை உண்மையில் ஒரு முத்திரை. சிறியதொரு கறுப்புவெள்ளைப் படத்தை, கை செல்லும் வழியெங்கும் அது குத்திக்கொண்டே செல்கிறது. இரு குத்துகளுக்கிடையேயுள்ள தூரம் முத்திரையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் நமக்குத் தொடர்ந்த கோடாகத் தெரியும். அகலத்தை மிஞ்சினால் தனித்தனிப் புள்ளிகளாகும். இதனினும் நுட்பமான வழிகள் உண்டு. 1986-இல் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன், ஜப்பானிய மைத்தூரிகையைப் பல மயிர்களின் தொகுதியாகவே கொண்டு, ஒவ்வொரு மயிரும் எவ்வளவு மை ஏந்தியுள்ளது என்று கணக்கிடும் முறையை விளக்கினார். எனினும் நாம் சொந்தமாகத் தூரிகை செய்துகொள்ள முத்திரை முறையே எளிது.

எதைத் தூரிகையாக்குவது? மகாராஷ்டிரத்திலேயே தக்க உதாரணம் உள்ளது. பால்கர் மாவட்டத்து வார்லிப் பழங்குடியினர் சாணமும் செம்மண்ணும் பூசிய குடிசைச் சுவரில், அரிசி மாவுக் கரைசலால் சித்திரம் எழுதுகின்றனர். திருமணத்தின்போது மணமான பெண்கள் இச்சித்திரங்களை எழுதுவது மரபு. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றிலிருந்தே மனிதரும் மரமும் விலங்கும் அங்கே எழுகின்றன. தூரிகை, நுனியை மென்று நாராக்கிய மூங்கிற்குச்சி. சுவரிலிருந்து தாளுக்கும் துணிக்கும் இக்கலையைக் கொண்டு வந்து உலகறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷே 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2018-இல் காலமானார். தாளுக்கும் துணிக்கும் வந்த பிறகும் அவர் அவற்றின்மீது சாணம் பூசியே எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. சுவரின் பரப்பு இல்லாமல் அந்தக் கோடு இல்லை என்பதை அவர் கை அறிந்திருந்தது.

வார்லிச் சித்திரம் இன்று பல பள்ளிகளில் பயிற்றப்படுகிறது. கணினியில் எழுதும்போது மாணவன் மென்பொருளிலுள்ள வட்டத் தூரிகையை எடுக்கிறான். செந்நிறப் பின்னணியில் ஒரே தடிப்புள்ள வெண்கோடு விழுகிறது. வடிவங்கள் சரியாகவே இருக்கும். ஆனால் தூரிகை தொட்ட இடத்தில் தடித்து, போகப்போக மாவு குறைந்து, மண்ணின் மேடுகளில் மட்டும் தொற்றிச் செல்லும் கோட்டை அவன் ஒருபோதும் காண்பதில்லை. அவ்வாறு பயின்ற பிள்ளைக்கு வார்லி என்பது கோலி உருண்டைத் தலையும் இரு முக்கோண உடலும் கொண்ட ஒரு சின்னமாகச் சுருங்கிவிடும். மென்பொருள்களுடன் வரும் தாள்களும் தூரிகைகளும் பெரும்பாலும் மேலைநாட்டுச் சித்திரக்கூடத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை. சாணச் சுவரை அவை அளிக்கா. நாமே செய்துகொள்ளாவிடில் அது அங்கே இராது.

செய்முறை பின்வருமாறு. பச்சை மூங்கிற்குச்சியின் நுனியைத் தட்டி நார்நாராக்கிக் கொள்க. கருமையில் தோய்த்து, வெள்ளைத் தாளில் வெவ்வேறு சாய்விலும் அழுத்தத்திலும் பத்துப் பன்னிரண்டு முறை ஒற்றுக. பதிவு செய்து, நல்லவற்றில் ஐந்தாறைத் தனித்தனியே வெட்டி, குத்துக்குக் குத்து மாறிவரும்படி ஒரே தூரிகையாகச் சேர்க்கவும். கிம்ப், கிருதா இரண்டிலும் இதற்கு வசதியுண்டு. ஒரே முத்திரையைப் பயன்படுத்தினால் அதே நார்ப்பிளவு கோடு முழுவதும் திரும்பத் திரும்ப வந்து, தையல் யந்திரம் ஓடியது போலிருக்கும். முத்திரை கோட்டின் திசைக்கேற்பத் திரும்பும்படி அமைக்கவும். மயிர்த்தூரிகையைப் போல மூங்கில் அழுத்தத்தில் அகன்று விரியாது. ஆகவே அழுத்தத்தால் அகலம் சிறிதே மாறுமாறு வைத்து, ஒட்டும் அளவு மிகுதியாக மாறுமாறு செய்க. கோடு நீளநீள வண்ணம் குறையும்படி அமைக்கவும் கிருதாவில் வழியுண்டு. எத்தனை தூரத்தில் குறைய வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். உண்மைக் குச்சியை ஒரு முறை மாவில் தோய்த்துச் சுவரில் இழுத்து, அளவுகோலால் அளந்துகொள்ளலாம். இறுதியாக, முன்னர் எடுத்த சுவரின் உயரப்படத்தைத் தூரிகையுடன் இணைக்கவும்.

அழுத்தம் உணரும் வரைபலகை இல்லாத பள்ளிகளே மிகுதி. சாதாரணச் சுட்டெலி அழுத்தத்தை அறியாது. அங்கே மூன்று நிலையான அழுத்தங்களில் மூன்று தூரிகைகளைச் செய்து வைத்துக்கொள்ளலாம். முழுப்பயன் கிட்டாவிடினும் தாளின் பங்கு என்ன என்பது மாணவர்க்குப் புலப்படும்.

அரிசி மாவுக் கோடு ஈரத்தில் மங்கித் தோன்றி, காய்ந்த பின்னரே வெளுக்கும். மாக்கோலம் இடும் நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் இதை அறிவர். எழுதுபவர் எழுதிய கோட்டை உடனே முழுமையாகக் காண்பதில்லை. ஆகவே கை நிதானமாகச் செல்கிறது. கணினியோ கோட்டை அக்கணமே வெண்மையாகக் காட்டிவிடுகிறது. இதை மென்பொருளில் திருத்த எளிய வழியில்லை. கணினிப் பாடத்திற்கு முந்தின நாள் மாணவர்களை ஒரு மண்சுவரிலோ சாணம் பூசிய அட்டையிலோ உண்மை மாவினால் எழுதச் செய்வது இதனால் அவசியமாகிறது.

களப்பணியாளர்கள் தாம் செல்லும் ஊர்களில் எடுக்கும் ஒவ்வொரு பரப்பின் பதிவுடனும் ஊர், நாள், பரப்பு எதனாலானது, யார் பூசியது, அச்செடுத்ததா ஒளியால் பதிந்ததா, அங்குலத்திற்கு எத்தனை புள்ளி, எத்தனை சென்டிமீட்டர் என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். வீட்டாரின் சம்மதம் முதலில் பெறுக. அளவு குறிக்கப்படாத பதிவு பிறருக்குப் பயன்படாது. மண்சுவரின் நெல் உமித் தடம் யாருடைய சித்திரத்திலாவது வைக்கோற்கட்டின் பருமனில் வந்து நிற்கும்.